எத்தனை இழை?

சிக்குக் கோலத்தின் இலக்கணம் புரிய, மலேசியாவின் சுங்கை பட்டாணி, பெடோங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு மர நிரைகளே போதும். மரங்கள் வரிசை பிசகாமல் நிற்கின்றன. எந்த மரத்திலும் இடிக்காமல், நிரைகளுக்கு இடையே மூலைவாக்கில் நடந்துபோகிறோம். மரங்கள் புள்ளிகள், நடந்த தடம் கோடு. எல்லைக்கு வந்ததும் ஓரத்து மரத்தைச் சுற்றி வளைந்து உள்ளே திரும்ப வேண்டும். புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தால் ஓர் இழை முடிந்தது.

எல்லாப் புள்ளிகளையும் அந்த ஒரே இழை வளைத்துவிடுமா? மாவைத் தொடுவதற்கு முன்பே இதற்கு விடை சொல்லலாம். நீளத்தில் எத்தனை புள்ளி, அகலத்தில் எத்தனை புள்ளி என்று எண்ணி, இரண்டுக்கும் மீப்பெரு பொதுக் காரணி பார்த்தால் இழைகளின் எண்ணிக்கை கிடைக்கும். மூன்றுக்கு நான்கு என்றால் ஒரே இழை. மூன்றுக்கு மூன்று என்றால் மூன்று. நான்குக்கு ஆறு என்றால் இரண்டு. தமிழ்ப்பள்ளியில் இந்தக் கணக்கை வாசலில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால் யாருக்கும் மறக்காது.

கைத்திறன் தொடங்குவது இதற்குப் பிறகுதான். இரண்டு வெவ்வேறு இழைகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில், வெட்டாமல் இரண்டு வளைவுகளாக விலக்கிவிட்டால் அவை ஒன்றாகிவிடும். மூன்றுக்கு மூன்று கோலத்தில் சரியான இரண்டு இடங்களில் விலக்கினால் ஒரே இழை. ஆனால் கண் அதோடு விடாது. ஒரு பக்கம் விலக்கினால் எதிர்ப்பக்கமும் விலக்கு என்னும். அங்கேதான் சிக்கல்: ஓர் இழை தன்னையே வெட்டும் இடத்தைப் பிரித்தால் சில வேளை அது இரண்டாகப் போய்விடும். சுட்டுவிரலும் கட்டைவிரலும் மாவை விடும் வேகத்தில் இதையெல்லாம் முடிவு செய்த பாட்டிமார் காரணி என்ற சொல்லைக் கேட்டே இருக்க மாட்டார்கள்.

கோலத்தின் விதிகளை ஆய்வாளர்களும் தேடினார்கள். தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் 1974இல் கோலங்களுக்குக் கணினி இலக்கணம் எழுதினார்கள். சில விதிகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினாலே சிறு கோலம் பெரிய கோலமாக வளரும் என்று காட்டினார்கள்.

தீபாவளிக்குப் பேரங்காடிகளில் வண்ண அரிசியில் போடும் மயில் கோலங்கள் கண்ணுக்கு நிறைவுதான். ஆனால் அவை நிறத்தின் வேலை. கோட்டுக்கு அங்கே எல்லை காட்டுவதைத் தவிர வேலையில்லை. கோட்டின் வேலையைப் பார்க்க ஐந்துக்கு ஐந்து புள்ளி வைத்துப் பாருங்கள். ஐந்து இழை வரும். ஒன்றாக்கக் குறைந்தது நான்கு இடங்களில் விலக்க வேண்டும்.