நினைவகத்துக்கும் ஒரு செக்ரோல்

ஜாசினில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். டுரியான் துங்காலில் படிக்கிற பிள்ளைகள் மடிக்கணினியில் உபுண்டு போட்டுக்கொண்டு என்னிடம் வருவார்கள். "அண்ணே, எட்டு ஜிபி ரேம் இருக்கு. காலி இடம் முந்நூறு எம்பிதான்னு காட்டுது. இன்னொரு ரேம் போட்டுடலாமா?" போட்டால் எனக்கு வியாபாரம்தான். ஆனால் தேவையா என்று முதலில் பார்ப்போம்.

உபுண்டுவுக்கு அடியில் இருந்து ரேமைப் பங்கிட்டுக் கொடுப்பது லினக்ஸ் கெர்னல். அது ரேமை 4,096 பைட் துண்டுகளாகப் பிரித்துக்கொள்ளும். ஒரு துண்டுக்குப் பெயர் பக்கம். எட்டு ஜிபிக்கு 20 லட்சத்து 97 ஆயிரத்து 152 பக்கங்கள். பக்கத்துக்குப் பக்கம் பெரும்பாலும் 64 பைட்டில் ஒரு குறிப்பு உண்டு. அந்தக் குறிப்பேட்டுக்கே 128 எம்பி போய்விடுகிறது.

என் அப்பா புக்கிட் ஆசஹான் பக்கம் தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் அவர் பிரிக்கும் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் ஆளுக்கு ஒரு வரி இருக்கும். கெர்னலின் குறிப்பேடும் அந்த மாதிரிதான். ஒவ்வொரு வரியிலும் முக்கியமானது, அந்தப் பக்கத்தை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்ற எண்ணிக்கை. பத்து புரோகிராமுக்குப் பொதுவான கோப்பு ரேமில் ஒருமுறைதான் ஏறும். பத்தும் அதையே பிடித்துக்கொள்ளும். ஒன்றை மூடினால் ஒரு பிடி குறையும். கடைசிப் பிடியும் விட்டால்தான் பக்கம் காலி.

சூட்சுமம் இங்கேதான். படித்த கோப்பு மறுபடி தேவைப்படலாம் என்று கெர்னலே ஒரு பிடி போட்டு வைத்திருக்கும். புரோகிராம்கள் எல்லாம் மூடிய பிறகும் பக்கம் காலியாவதில்லை. ரேம் நிறைந்ததுபோல் தெரிவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

இடம் தேவைப்பட்டால் எதை வெளியேற்றுவது? ஒரு பக்கத்தைத் தொட்டவுடன் ப்ராசசர் அதற்குரிய அட்டவணையில் ஓர் அடையாளம் இடும். கெர்னல் அவ்வப்போது வந்து அதை அழித்துவிட்டுப் போகும். அடுத்த முறை வரும்போது அடையாளம் மறுபடி விழுந்திருந்தால் அந்தப் பக்கம் வேலையில் இருக்கிறது. இல்லாவிட்டால் ஓய்ந்தவற்றின் பட்டியலுக்குத் தள்ளப்படும். திருத்தப்படாத கோப்புப் பக்கத்தை அப்படியே விட்டுவிடலாம். திருத்தியிருந்தால் வட்டில் எழுதிய பிறகே விட வேண்டும். புரோகிராமின் சொந்தத் தரவு என்றால் ஸ்வாப்புக்கு, அதாவது வட்டில் அதற்கென ஒதுக்கிய இடத்துக்கு, போகும். பக்கங்களை வயதுவாரியாகத் தலைமுறைகளாகப் பிரிக்கும் புது முறை ஒன்றும் 2022 டிசம்பரில் வெளிவந்த 6.1 பதிப்பில் சேர்ந்தது. எதுவும் பலிக்காத கட்டத்தில் கெர்னல் ஒரு புரோகிராமையே கொன்றுவிடும்.

அதனால் 'ஃப்ரீ' என்று காட்டும் எண்ணைப் பார்த்துப் பதறாதீர்கள். 'அவைலபிள்' என்ற எண்ணைப் பாருங்கள். தேவைப்பட்டால் விடுவிக்கக்கூடிய பக்கங்களையும் சேர்த்துப் போட்ட மதிப்பீடு அது. 2014-இல் வந்த 3.14 பதிப்பிலிருந்து கெர்னலே தருகிறது. அதுவும் அடிமட்டத்துக்குப் போய், ஸ்வாப்பும் ஓயாமல் ஓடினால் ரேம் வாங்குங்கள். 'ஃப்ரீ' மட்டும் குறைந்திருந்தால் காசைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.