ஸ்பேர் இல்லாத போல்ட்

மெக்கானிக்கல் படிக்கிறவனுக்குக் கடலடியில் என்ன வேலை என்று கேட்காதீர்கள் நண்பர்களே! அங்கேயும் நம்ம ஒர்க்‌ஷாப் கதைதான்.

வட கலிபோர்னியாவின் குளிர்ந்த, ஆழம் குறைந்த கடலில் கெல்ப் என்னும் பெரும்பாசி காடாக வளரும். அதை மேய்வது கடல் முள்ளெலி. முள்ளெலியை முக்கியமாகத் தின்பவை இரண்டு: கடல் நீர்நாய், சூரியகாந்தி நட்சத்திர மீன். நீர்நாயைத் தோலுக்காக 19-ஆம் நூற்றாண்டுக்குள்ளேயே அங்கே வேட்டையாடித் தீர்த்துவிட்டார்கள். மிஞ்சியது நட்சத்திர மீன், ஸ்பேர் கிடையாது!

2013-ல் தொடங்கிய கொள்ளை நோயில் அதுவும் போச்சு. 2014-16-ல் கடல் சூடேறி கெல்ப் வாடியது. கேட்க ஆளில்லாத முள்ளெலிகள் மிச்சத்தையும் மொட்டையடித்தன. காட்டில் 90 சதவீதத்துக்கு மேல் காலி! கெல்ப்பை நம்பியிருந்த அபலோன் நத்தைகள் பட்டினியில் செத்தன. 2018-ல் அவற்றைப் பிடிக்கவே தடை வந்தது.

முள்ளெலி மட்டும் சாகவில்லை. இரையில்லாமலே ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடந்து, முளைக்கிற பாசியைக் கடிக்கும். அதனால்தான் காடு லேசில் திரும்புவதில்லை.

நோய்க்குக் காரணமான பாக்டீரியாவை 2025-ல் கண்டுபிடித்துவிட்டார்கள். நட்சத்திர மீனைத் தொட்டியில் வளர்த்தும் பார்க்கிறார்கள். ஆனால் எனக்குத் தோன்றுவது இதுதான்: கடைசி போல்ட் கழன்ற அன்றைக்கா மெஷின் கெட்டது? முதல் போல்ட் போனபோதே யாரும் கவனிக்கவில்லையே!