தாய்ப் பக்கம் ஒன்று இருந்தால்…

சகோதரிகளே, கணனியில் பக்கம் வடிவமைக்கும் தொழிலில் நான் இறங்கிப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகிறது. இத்தொழிலை நம்பியே இரண்டு பிள்ளைகளையும் படிப்பித்தேன். வகுப்புக்குப் போகும் தங்கச்சிமார், "அக்கா, எதை முக்கியமாகப் பழக வேண்டும்?" என்று கேட்பார்கள். "மாஸ்டர் பேஜைப் பழகுங்கள்" என்பேன். ஏன் என்பதை எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்லித்தான் விளக்க வேண்டும்.

என் ஊர் படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைக்கு அப்பால் இருக்கிறது. 2006இல் வாவிக்கு மீன்பிடிக்கப் போன கணவர் திரும்பி வரவில்லை. 2007 மார்ச்சில் சண்டை மூண்டபோது பிள்ளைகளோடு எழுவான்கரைக்கு ஓடினோம். சில மாதம் முகாமில் இருந்துவிட்டு ஊர் திரும்பினால், வீட்டுக்குக் கூரை இல்லை. பிறகு ஒரு தொண்டு நிறுவனம் நடத்திய ஆறு மாதக் கணனிப் பயிற்சியில் சேர்ந்தேன். மண்முனைப் பாலம் 2014இல்தான் திறக்கப்பட்டது. அந்நாட்களில் துறையில் இயந்திரப் பாதை ஏறி, அக்கரையில் பஸ் பிடித்து மட்டக்களப்பு நகருக்குப் போக வேண்டும். பாதை பிந்தினால் வகுப்பும் பிந்தும். பேஜ்மேக்கரில் பாமினி எழுத்தில் தட்டவும், படம் வைக்கவும் பழகினேன். நகரில் ஒரு சிறிய அச்சகத்தில் வேலையும் கிடைத்தது.

ஒரு தாயின் கேள்வி

அச்சகத்துக்கு அதிகம் வந்தவை 31ஆம் நாள் நினைவு மலர்கள். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் இறந்தவரின் பெயர் இருக்கும். புதிதாக ஒரு மலர் வந்தால், முந்திய மலரின் கோப்பைத் திறந்து வேறு பெயரில் சேமிப்பேன். பிறகு பக்கம் பக்கமாகப் போய்ப் பெயரை மாற்றுவேன். அதுதான் எனக்குத் தெரிந்த வழி.

2011இல் ஒரு தாய் வந்தார். மகனை விபத்தில் இழந்தவர். 16 பக்கம், 300 பிரதிகள். 31க்கு முதல்நாள் பின்னேரம் எடுத்துப்போக வந்தவர், கதிரையில் இருந்து எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டு வந்தார். 11ஆம் பக்கத்தில் அவர் விரல் நின்றது.

"இது ஆர்ர பேர் மனே?"

எட்டிப் பார்த்தேன். அதற்கு முந்திய மாதம் நாங்கள் மலர் அடித்த வேறொருவரின் பெயர். மற்றப் பக்கங்களில் எல்லாம் மாற்றிய நான் அந்த ஒன்றைத் தவறவிட்டிருந்தேன். அவர் ஏசவில்லை. "எண்ட புள்ளைக்கு இது ஒண்டுதானே மிச்சம்" என்று மட்டும் சொன்னார்.

அன்றிரவு 300 மலர்களிலும் பின்னைக் கழற்றினோம். 11ஆம் பக்கம் தனித் தாளில் இல்லை. 5, 6, 12ஆம் பக்கங்களும் அதே தாளில்தான். அந்தத் தாள் முழுவதையும் மறுபடி அடித்து, மறுபடி கோத்துப் பின் அடித்தோம். தாளின் செலவு என் சம்பளத்தில் கழிந்தது. அது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அந்தத் தாயின் முகத்தைத்தான் மறக்க முடியவில்லை.

பற்றுச்சீட்டுப் புத்தகம்

என்னோடு விழித்திருந்த மூத்த அக்கா ஒருவர் கேட்டார்: "உனக்கு மாஸ்டர் பேஜ் தெரியாதா பிள்ளை?" தெரியாது. வகுப்பில் அதைக் கடந்து போய்விட்டார்கள்.

அவர் மேசையில் கிடந்த மாதர் சங்கப் பற்றுச்சீட்டுப் புத்தகத்தைக் காட்டினார். சங்கத்தின் பெயர், முகவரி, கோடுகள் எல்லாத் தாளிலும் ஒன்றுபோல இருக்கின்றன. நாம் எழுதுவது பணம் தந்தவரின் பெயரும் தொகையும் மட்டும். மாஸ்டர் பேஜும் அப்படித்தான். எல்லாப் பக்கத்துக்கும் பொதுவானதை ஒரே இடத்தில் வைக்கிறோம். அங்கே மாற்றினால் 16 பக்கத்திலும் மாறும்; 160 பக்கம் என்றாலும் மாறும்.

செய்யும் முறை கடினமில்லை. பேஜ்மேக்கரில் திரையின் இடது கீழ் மூலையில், பக்க எண்களுக்குப் பக்கத்தில் 'எல்', 'ஆர்' என்ற இரு சிறு பக்கங்கள் தெரியும். இடப் பக்கமும் வலப் பக்கமும் அவை. அதை அழுத்தினால் மாஸ்டர் பேஜ் திறக்கும். தலைப்பு, கோடு, ஓர அலங்காரம் எல்லாவற்றையும் அங்கே வையுங்கள். பக்க எண் வேண்டிய இடத்தில் எழுத்துக் கருவியை வைத்து, கொன்ட்ரோல், ஓல்ட், பீ மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். அங்கே 'எல்எம்' அல்லது 'ஆர்எம்' என்று தெரியும். பயப்பட வேண்டாம். உள்ளே போய்ப் பார்த்தால் ஒவ்வொரு பக்கத்திலும் சரியான எண் நிற்கும். இடையில் ஒரு பக்கத்தைச் சேர்த்தாலும் எண்கள் தாமாகவே மாறிக்கொள்ளும். இரட்டை எண்கள் இடப் பக்கத்திலும் ஒற்றை எண்கள் வலப் பக்கத்திலும் வரும். அதனால் எண்ணை இரண்டிலும் வெளி ஓரத்தில் வையுங்கள்.

பேஜ்மேக்கரை 1985இல் வெளியிட்டது அமெரிக்காவின் அல்டஸ் நிறுவனம். சுமார் 500 ஆண்டுகளுக்கு முன் வெனிஸ் நகரில் கைக்கடக்கமான புத்தகங்களை அச்சிட்ட அல்டஸ் மனூசியஸ் என்பவரின் பெயரையே அந்நிறுவனம் வைத்துக்கொண்டது. வெனிசும் நம் மட்டக்களப்பைப் போல வாவி நகரம்தான்! 2001இல் வந்த ஏழாம் பதிப்போடு பேஜ்மேக்கர் நின்றுவிட்டது. அதன் இடத்தை இன்டிசைன் பிடித்தது. பணம் கொடுத்து வாங்க முடியாதவர்களுக்கு ஸ்கிரைபஸ் இலவசமாகக் கிடைக்கிறது. இரண்டிலும் இன்று யுனிகோட் தமிழில் வேலை செய்யலாம். இரண்டிலும் மாஸ்டர் பேஜ் உண்டு. இன்டிசைனின் புதிய பதிப்புகளில் அதன் பெயரைப் 'பேரன்ட் பேஜ்' என்று மாற்றிவிட்டார்கள். நான் அதைத் 'தாய்ப் பக்கம்' என்பேன்.

கவனிக்க வேண்டியவை

தாய்ப் பக்கத்தில் பிழை இருந்தால் எல்லாப் பக்கத்திலும் அந்தப் பிழை வரும். ஆகவே அதை மட்டும் ஒரு தாளில் எடுத்து, வீட்டாரிடம் காட்டி, சரி என்று கையொப்பம் வாங்குங்கள்.

இன்டிசைனில், உள்ளே ஒரு பக்கத்தில் வைத்து அந்தத் தலைப்பைக் கையால் மாற்றினால், பிறகு தாய்ப் பக்கத்தில் செய்யும் திருத்தம் அங்கே போய்ச் சேராமல் விடலாம். மாற்றத்தை எப்போதும் தாய்ப் பக்கத்திலேயே செய்யுங்கள்.

முழுப் பக்கப் படத்துக்குத் தலைப்பும் எண்ணும் தேவையில்லை. பேஜ்மேக்கரில் அந்தப் பக்கத்துக்கு மட்டும் அவற்றை மறைக்கலாம். மற்ற இரண்டிலும் வெறுமையான இன்னொரு மாஸ்டர் பேஜைக் கொடுக்கலாம்.

எல்லாவற்றிலும் முக்கியமானது, இன்னொருவரின் மலர்க் கோப்பின் மேல் புதிய மலரைச் செய்யாதீர்கள். பெயர் எதுவும் இல்லாத வெறும் மாதிரிக் கோப்பு ஒன்றைச் செய்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் அதிலிருந்தே தொடங்குங்கள்.

இப்போது வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். பாடசாலை மலர், கோயில் திருவிழா அறிவித்தல், நினைவு மலர் என்று வேலை வருகிறது. முன்பு பெயர் மாற்றவே அரை நாள் போகும். இன்று நிமிடக் கணக்கில் முடிகிறது. மிச்ச நேரம் பிள்ளைகளுக்கும் தோட்டத்துக்கும்.

என் கணவருக்கு நான் இன்னும் மலர் அடிக்கவில்லை. எந்தத் திகதியைப் போடுவது? அதனால்தானோ என்னவோ, மற்றவர்களின் பெயர்களை அவ்வளவு கவனமாகப் பார்க்கிறேன். அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒவ்வொரு பக்கத்தின் பெயரையும் இன்றும் வாய்விட்டு வாசிக்கிறேன். மாஸ்டர் பேஜ் இருக்கிறதே என்று அதை விடுவதில்லை.

பயிற்சிக்குச் செல்லும் சகோதரிகளே, ஆசிரியர் இப்பாடத்தைக் கடந்து போனால் கையை உயர்த்திக் கேளுங்கள். நான் அன்று கேட்காமல் விட்டதை நீங்கள் கேளுங்கள்.