பெட்டிக்கு முன் கம்பி: ஹாம் வானொலி நிலையம் அமைக்கும் முறை

சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வரும் மின்னில் வானொலி கேட்ட காலம் வன்னியில் பலருக்கு நினைவிருக்கும். 1990ஆம் ஆண்டுகளில் மின்சாரம் இல்லை. பற்றறி தடைசெய்யப்பட்ட பொருள். இருந்தும் மாலையானால் ஒரு பிள்ளை சுற்ற, அயலவர்கள் கூடியிருந்து தமிழோசையும் வெரித்தாஸும் கேட்டார்கள். 6 வோல்ற்று, 3 வாற்று மட்டும் தரும் அந்தச் சிறு டைனமோவின் ஆடலோட்டத்தை நாலு இருவாயிகளால் நேரோட்டமாக்கி, ஒரு கொள்ளளவியால் இரைச்சலை அடக்கி, வானொலிக்குக் கொடுத்தார்கள். படிப்பை இடையில் விட்ட இளைஞர்களும் இதைச் செய்தார்கள்.

ஆனால் அந்த வானொலி ஒருவழிப் பாதை. உலகம் பேசியது, நாம் கேட்டோம். எங்கே இருக்கிறோம், யாருக்கு மருந்து வேண்டும், எந்தப் பாதை வெள்ளத்தில் மூடிவிட்டது என்று திருப்பிச் சொல்ல நமக்கு வழி இருக்கவில்லை. இன்று அந்த வழியைச் சட்டப்படி பெறலாம். அதற்குப் பெயர் அமெச்சூர் வானொலி. பொதுவாக ஹாம் வானொலி என்பர். அதற்கு வேண்டிய கருவிகளை எப்படித் தெரிவது, எந்த ஒழுங்கில் அமைப்பது என்பதை இங்கு பார்ப்போம்.

ஹாம் வானொலி எதற்கு?

கையில் தொலைபேசி இருக்கும்போது இது எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். தொலைபேசி தானாக வேலை செய்வதில்லை. அருகில் ஒரு கோபுரம், அதற்கு மின்சாரம், அங்கிருந்து நகரம் வரை இணைப்பு ஆகிய மூன்றும் நன்றாக இருந்தால்தான் உங்கள் குரல் போகும். புயலும் வெள்ளமும் முதலில் தாக்குவது இவற்றைத்தான். 2018 டிசம்பரில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்கள் வெள்ளத்தில் மூழ்கியதை நாம் மறக்கவில்லை. ஹாம் நிலையத்துக்கு இடையில் எந்தக் கோபுரமும் வேண்டியதில்லை. இந்த முனையில் ஒருவர், அந்த முனையில் ஒருவர், நடுவில் வானம், அவ்வளவே.

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையை அழித்தது. அதே காலையில் அந்தமான் தீவின் போர்ட் பிளேயரில் ஒரு சிறு ஹாம் குழு தங்கியிருந்தது. ஐதராபாத்தில் உள்ள தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் அதன் தலைவி. உலகெங்கும் உள்ள ஹாம் நேயர்களோடு பேசுவதற்காக, அரசின் அனுமதியோடு அந்த மாதம் அங்கு வந்திருந்தார்கள். தீவுகளின் தொடர்புகள் அறுந்தபோது அவர்களுடைய பொழுதுபோக்கு நிலையம் அவசர நிலையமாயிற்று. உறவினரைத் தேடுவோரின் செய்திகள் அதன் வழியாகப் போய்வந்தன.

நமது நாட்டின் தெற்கிலும் அப்படியே. இலங்கை வானொலிச் சங்கத்தின் அன்றைய தலைவர் விக்டர் குணத்திலக்கவும் தோழர்களும் ஹம்பாந்தோட்டைக்கும் கொழும்புக்கும் இடையே சிற்றலைத் தொடர்பை ஏற்படுத்தினார்கள். அந்த வானொலியும் அதை இயக்கத் தெரிந்தவர்களும் அனர்த்தத்துக்கு முன்னரே ஆயத்தமாக இருந்தார்கள் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

முதலில் அனுமதிப்பத்திரம்

நமது மண்ணில் செலுத்தி என்ற சொல்லே சந்தேகத்தைக் கிளப்பிய காலம் இருந்தது. ஆகவே இதை முதலில் சொல்கிறோம். அனுமதியில்லாமல் செலுத்தியை வாங்கவோ, வைத்திருக்கவோ, வெளிநாட்டிலிருந்து உறவினர் மூலம் எடுப்பிக்கவோ வேண்டாம். யாராவது இலவசமாகத் தந்தாலும் வேண்டாம்.

அனுமதி வழங்குவது இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. அதற்கு ஒரு பரீட்சை உண்டு. அடிப்படை மின்னியலும், வானொலி அலைகளின் இயல்பும், சட்டவிதிகளும் கேட்கப்படும். சாதாரண தரத்தில் விஞ்ஞானம் கவனமாகப் படித்த பிள்ளைக்கு இது எட்டாத கனியல்ல. தேறியவருக்கு ஓர் அழைப்புக்குறி கிடைக்கும். இலங்கையின் அழைப்புக்குறிகள் பெரும்பாலும் 4எஸ்7 என்று தொடங்கும். பேசும்போதெல்லாம் அதைச் சொல்ல வேண்டும். வியாபாரம் பேசக் கூடாது. இரகசியக் குறியீட்டில் பேசக் கூடாது. யாரும் கேட்கக்கூடிய திறந்த பேச்சு என்பதே இதன் பாதுகாப்பு.

எந்த அலை வேண்டும்?

கடைக்குப் போகுமுன், யாரோடு பேச வேண்டும் என்று தீர்மானியுங்கள். அதைப் பொறுத்தே கருவி.

தர்மபுரத்திலிருந்து பரந்தனோடும் கிளிநொச்சியோடும் பேசினால் போதும் என்றால் 2 மீற்றர் அலைவரிசை, அதாவது 144 மெகாஹேட்ஸ் முதலான மீடிறன், ஏற்றது. இந்த அலை ஏறத்தாழக் கண்பார்வை போல நேராகவே செல்லும். கைக்கருவிகள் சில கிலோமீற்றரே எட்டும். இரு முனையிலும் 10 மீற்றர் உயரத்தில் ஏரியல் இருந்தால், நமது சமவெளியில் ஏறத்தாழ 25 கிலோமீற்றர் வரை பேசலாம்.

கொழும்போடு பேச வேண்டுமென்றால் அது நேர்கோட்டில் ஏறத்தாழ 280 கிலோமீற்றர். இதற்குச் சிற்றலைதான் வழி. பகலில் 40 மீற்றர் (7 மெகாஹேட்ஸ்), இரவில் 80 மீற்றர் (3.5 மெகாஹேட்ஸ்) அலைவரிசைகள் உதவும். இந்த அலைகள் மேலே எழுந்து, வானத்தின் அயன் மண்டலத்தில் பட்டுத் திரும்பி, மழைபோலச் சுற்றுப்புறம் எங்கும் இறங்கும். இதற்கு ஏரியல் மிக உயரத்தில் இருக்கத் தேவையில்லை என்பது நமக்கு வாய்ப்பு. 7 முதல் 10 மீற்றர் உயரம் போதும்.

பெட்டிக்கு முன் கம்பி

புதிதாகத் தொடங்குபவர்கள் செய்யும் பெரிய தவறு, கையிலுள்ள பணம் முழுவதையும் பெட்டிக்குச் செலவழிப்பது. 100 வாற்று வலுவை 25 வாற்றாகக் குறைத்தாலும் மறுமுனையில் உள்ள மானியின் ஊசி ஓர் அளவுதான் இறங்கும். ஆனால் ஏரியல் பிழையென்றால் 100 வாற்றும் வீண். நல்ல ஏரியலோ மிக மலிவு. செப்புக் கம்பியும், ஒரு மரமும், கொஞ்சம் பொறுமையும் போதும்.

40 மீற்றர் அலைவரிசைக்கான ஏரியலை இப்படிச் செய்யலாம்:

1. 143ஐ மெகாஹேட்ஸால் வகுத்தால் கம்பியின் மொத்த நீளம் மீற்றரில் வரும். 7.1 மெகாஹேட்ஸுக்கு அது 20 மீற்றர் 14 சதமமீற்றர். நடுவில் வெட்டி, பக்கத்துக்கு 10 மீற்றர் 7 சதமமீற்றர் என இரண்டாக்குங்கள். கட்டுவதற்கும் திருத்துவதற்கும் ஒவ்வொன்றிலும் அரை மீற்றர் கூடுதலாக விடுங்கள்.

2. வீட்டு மின்னிணைப்புக்குப் பயன்படும் பலபுரிக் கம்பி போதும். அதன் பிளாஸ்ரிக் உறையை உரிக்கத் தேவையில்லை. உறை இருந்தால் முடிவில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு குறைத்து வெட்ட வேண்டி வரும்.

3. நடுவிலும் இரு முனைகளிலும் பி.வி.சி. குழாய்த் துண்டுகளைக் காவலியாக வையுங்கள். கம்பி மரத்தில் நேரடியாகப் படக் கூடாது. முனைகளை நைலோன் கயிற்றால் கட்டுங்கள்.

4. நடுவிலிருந்து பெட்டிக்கு 50 ஓம் கோஅக்ஸியல் கேபிள் வர வேண்டும். அதன் உள்கம்பியை ஒரு பக்கத்துக்கும் வெளிவலையை மறுபக்கத்துக்கும் பற்றாசு வைத்து, மழைநீர் புகாதபடி மூடுங்கள். தொலைக்காட்சிக் கேபிள் 75 ஓம் உடையது. கேட்பதற்கு அது உதவும், பேசுவதற்கு உரியதை வாங்குங்கள்.

5. இரு பனைகளுக்கிடையே இறுக்கிக் கட்டினால் காற்றில் பனை ஆடும்போது கம்பி அறுந்துவிடும். ஒரு முனைக் கயிற்றைக் கப்பி வழியாக விட்டு, கல் ஒன்றைத் தொங்கவிடுங்கள். ஒரு பனைதான் உண்டென்றால் நடுவை உயர்த்தி, இரு பக்கங்களையும் கூடாரம்போலச் சரித்துக் கட்டுங்கள். பேசும்போது முனைகளில் உயர்ந்த மின்னழுத்தம் இருக்கும். பிள்ளைகளுக்கும் மாடுகளுக்கும் எட்டாத உயரத்தில் அவை இருக்கட்டும்.

6. நிலையலை விகிதம் காட்டும் மானி ஒன்றை இரவல் பெற்று அளவுங்கள். 1 என்றால் மிகச் சிறப்பு, 2க்குக் கீழே என்றால் பாதுகாப்பு. 7.1க்குக் கீழுள்ள மீடிறனில் விகிதம் நன்றாக இருந்தால் கம்பி நீளம் அதிகம். இரு பக்கமும் சமமாகச் சிறிது சிறிதாக வெட்டுங்கள்.

கேபிள் பற்றி ஒரு குறிப்பு. ஆர்.ஜி.58 என்ற மெல்லிய கேபிள் 40 மீற்றர் அலைக்குப் போதும். 2 மீற்றர் அலையிலோ, 20 மீற்றர் நீளமான அதே கேபிள் வலுவில் பாதிக்கு மேல் விழுங்கிவிடும். அங்கு ஆர்.ஜி.213 போன்ற தடித்த கேபிள் வேண்டும், அதையும் குறுக்கி வையுங்கள்.

மின்சாரம்

100 வாற்று வானொலிப் பெட்டி 12 வோல்ற்றுப் பற்றறியிலேயே வேலை செய்யும். உழவு இயந்திரத்தின் பற்றறியும் உதவும். கேட்கும்போது ஏறத்தாழ ஒன்றரை அம்பியர், பேசும்போது உச்சமாக 20 அம்பியர் வரை எடுக்கும். 60 அம்பியர்-மணிப் பற்றறியில் பாதியை, அதாவது 30ஐ, மட்டும் பயன்படுத்துங்கள். அடிவரை இறக்கினால் பற்றறி கெடும். 12 மணிநேரம் கேட்க 18, மொத்தமாக ஒரு மணிநேரம் பேச ஏறத்தாழ 8, ஆக 26. ஒரு நாளுக்கு அது போதும். 100 வாற்றுச் சூரியத் தகடு ஒன்று நல்ல வெயிலில் 20 முதல் 25 அம்பியர்-மணி திருப்பித் தரும். மழைநாளில் தராது. ஆகவே அடைமழைக் காலத்தில் வலுவைக் குறைத்து, குறித்த நேரங்களில் மட்டும் பேசப் பழகுங்கள்.

பற்றறிக்கும் பெட்டிக்கும் இடையே மெல்லிய கம்பி போடாதீர்கள். 1.5 சதுர மில்லிமீற்றர் கம்பியை 3 மீற்றர் தூரத்துக்கு இழுத்தால், 20 அம்பியர் ஓடும்போது ஏறத்தாழ ஒன்றரை வோல்ற்று வழியிலேயே தொலையும். பெட்டி நின்றுவிடும். கம்பி தடிப்பாகவும் குறுகியதாகவும் இருக்கட்டும். பற்றறி முனைக்கு அருகிலேயே உருகி பொருத்துங்கள்.

பெட்டி கடைசியில்

இவ்வளவும் முடிந்த பின்னரே பெட்டி. பழைய பெட்டி என்றால் குறை இல்லை. ஆனால் அனுமதிப்பத்திரம் உள்ள ஒருவரிடம் கொடுத்து, கேட்கவும் பேசவும் சோதித்து வாங்குங்கள். உள்ளூரில் திருத்தக் கூடியதா, கையேடு உண்டா என்றும் பாருங்கள்.

பரீட்சைக்குக் காத்திருக்கும் பிள்ளைகள், அனுமதி பெற்ற ஒருவரின் நிலையத்தில் உட்கார்ந்து கேட்டுப் பழகட்டும். ஹாம் நேயர்கள் சிற்றலையில் பேசுவது எஸ்.எஸ்.பி. என்ற முறையில். சாதாரண வானொலியில் அது தாராவின் குரல்போலக் கேட்கும். எஸ்.எஸ்.பி. வசதியுள்ள வாங்கியில்தான் சொற்கள் தெளியும்.

மறக்கக் கூடாதவை

மின்கம்பிகளுக்கு அருகில் ஏரியல் கட்ட வேண்டாம். இடி முழங்கத் தொடங்கியதும் கேபிளைப் பெட்டியிலிருந்து கழற்றி, அதன் முனையைக் கட்டடத்துக்கு வெளியே போடுங்கள். புவித்தொடுப்புக்கு இரும்புக் கம்பி அடிக்குமுன் அந்த நிலம் கண்ணிவெடி அகற்றப்பட்ட நிலம்தானா என்று உறுதி செய்யுங்கள். பற்றைக்குள் கிடக்கும் பழைய கம்பிகளையும் பெட்டிகளையும் தொட வேண்டாம். செப்பு மலிவு, கை திரும்பக் கிடைக்காது.

யார் தொடங்குவது?

ஒரு குடும்பம் தனியே இதைச் சுமக்க வேண்டியதில்லை. பாடசாலையோ, கிராம அபிவிருத்திச் சங்கமோ, கமக்காரர் அமைப்போ பொறுப்பேற்கலாம். முதலில் இரண்டு மூன்று பேரைப் பரீட்சைக்கு ஆயத்தப்படுத்துங்கள். அவர்களில் ஒருவராவது பெண்பிள்ளையாக இருக்கட்டும். போர்ட் பிளேயர் நிலையத்தை வழிநடத்தியவர் ஒரு பெண் என்பதை அவர்களுக்குச் சொல்லுங்கள். பின்னர் வாரத்தில் ஒரு நாள், ஒரே நேரத்தில், தவறாமல் பேசிப் பழகட்டும். அனர்த்த நாளில் முதன்முறையாகப் பெட்டியைத் திறப்பவரால் பயன் இல்லை.

நிலையத்தைப் பெரிய கோபுரமாகக் கட்டவும் ஆசைப்பட வேண்டாம். பலமுறை இடம்பெயர்ந்தவர்கள் நாம். காணி இன்னும் கைக்கு வராதவர்களும் நம்மில் உள்ளனர். இங்கு சொன்ன ஏரியலைப் பத்து நிமிடத்தில் கழற்றிச் சுருட்டி, அரிசிப் பையில் போட்டு, சைக்கிளில் கொண்டுபோய், தறப்பாள் கொட்டிலுக்கு அருகிலும் கட்டலாம். வீட்டையும் கிணற்றையும் விட்டுவர வேண்டியிருந்த நமக்கு, கூடவே வரக்கூடிய கருவியும் கற்றுக்கொண்ட தொழிலுமே ஏற்றவை. அன்று டைனமோவைச் சுற்றி உலகத்தைக் கேட்ட தலைமுறையின் பிள்ளைகள், இனி உலகம் கேட்கும்படி பேசவும் கற்கட்டும்.