கசப்பு வேரும் குடலின் குடிமக்களும்

எனக்கு அப்போது ஒன்பது வயது. சிங்கப்பூரில் அடுக்குமாடி வீடு. இரண்டு நாளாக வயிற்றுப்போக்கு. எழுந்து நிற்கத் தெம்பில்லை. அம்மா உப்புப் போட்ட கஞ்சித்தண்ணீரை மடக்கு மடக்காகக் கொடுத்துக்கொண்டிருந்தார். எதிர்வீட்டுச் சீனப் பாட்டி எட்டிப் பார்த்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்குச் சீனம் தெரியாது. இருவரும் மலாயில்தான் பேசிக்கொள்வார்கள். "சாக்கிட் பெருட்?" என்று வயிற்றைத் தொட்டுக் கேட்டவர், மாலையில் ஒரு காகிதப் பொட்டலத்தோடு வந்தார்.

பொட்டலத்தில் நான்கு சரக்குகள். மருந்துக்கடைக்காரர் சின்ன வெள்ளிக்கோலில் ஒவ்வொன்றாக நிறுத்துக் கொடுத்தவை. அதில் ஒன்று கோழிக்கால் மாதிரி விரல் விரலாகக் கிளைத்த சிறு கிழங்கு. பாட்டி அதை ஒடித்துக் காட்டினார். வெளியே மண்ணிறம், உள்ளே பளீரென்ற மஞ்சள். மூன்று கிண்ணம் தண்ணீர் ஒரு கிண்ணமாகச் சுண்டும்வரை காய்ச்சினார். நிலவேம்புக்குப் பழகிய என் நாக்கே சுருண்டுவிட்டது.

பிறகு நான் மருந்தாளராகி, ஆயுளில் பாதியை மாத்திரைகளோடு கழித்தேன். அந்தக் கிழங்கின் பெயர் ஹுவாங்லியன் என்பதையும் தெரிந்துகொண்டேன். சீனாவில் சோங்சிங் பகுதியின் ஷிஜூ மலைகளில் நிழற்பந்தலுக்குக் கீழே வளர்க்கிறார்கள். அறுவடைக்கு ஏறக்குறைய ஐந்து ஆண்டு பிடிக்கும். வாய்விட்டுச் சொல்ல முடியாத துயரத்தை, 'ஊமை ஹுவாங்லியன் தின்றது போல' என்று சீனர்கள் சொல்வார்கள்.

பாட்டி காய்ச்சிய கசாயம் புதிதல்ல. சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த சாங் சோங்ஜிங் என்ற மருத்துவர் எழுதிய 'ஷாங் ஹான் லுன்' நூலில், காய்ச்சலோடு வரும் பேதிக்கு அது சொல்லப்பட்டிருக்கிறது. கூட்சு என்ற கொடியின் கிழங்கு, ஹுவாங்சின் வேர், ஹுவாங்லியன், வறுத்த அதிமதுரம் ஆகிய நான்கும்தான் சரக்கு. குடலில் வெப்பமும் ஈரமும் தேங்குவதால் வரும் பேதிக்கு இது ஏற்றது என்பது சீன மருத்துவத்தின் கணக்கு.

ஹுவாங்லியனின் மஞ்சள் நிறத்துக்குக் காரணம் பெர்பெரின் என்ற பொருள். நம் நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் மரமஞ்சளிலும் அதே பெர்பெரின்தான் இருக்கிறது. வங்காளதேசத்தில் நடந்து 1987இல் வெளியான ஓர் ஆய்வில், ஒருவகை ஈ.கோலை கிருமியால் பேதியானவர்களுக்கு ஒரே வேளை 400 மில்லிகிராம் பெர்பெரின் கொடுத்தார்கள். 24 மணி நேரத்தில் 42 சதவீதம் பேருக்குப் பேதி நின்றது. மருந்து எடுக்காதவர்களில் 20 சதவீதம் பேருக்குத்தான் நின்றது. காலராவுக்கு மட்டும் அந்த அளவு பலன் இல்லை.

இதில் ஒரு புதிர் உண்டு. விழுங்கும் பெர்பெரினில் நூற்றில் ஒரு பங்குகூட ரத்தத்தில் சேர்வதில்லை. பெரும்பகுதி குடலிலேயே தங்கிவிடுகிறது. பேதிக்கு அது நல்லதுதான். மருந்து, வேண்டிய இடத்திலேயே நிற்கிறது. ஆனால் 1988இல், பேதிக்காகப் பெர்பெரின் சாப்பிட்ட நீரிழிவுக்காரர்களுக்கு ரத்தச் சர்க்கரையும் குறைவதைச் சீன மருத்துவர்கள் கவனித்தார்கள். ரத்தத்துக்கு அவ்வளவாக வராத மருந்து ரத்தச் சர்க்கரையை எப்படிக் குறைக்கும்?

விடையில் ஒரு பகுதி 2015இல் பெய்ஜிங் ஆய்வாளர்களிடமிருந்து வந்தது. குடல் பாக்டீரியாக்கள் பெர்பெரினை வேறு வடிவத்துக்கு மாற்றுகின்றன. அந்த வடிவத்தைக் குடல் ஐந்து மடங்கு அதிகமாக உறிஞ்சுவதை விலங்குகளில் கண்டார்கள். குடற்சுவரைத் தாண்டியதும் அது மறுபடி பெர்பெரினாகிவிடுகிறது. கசாயத்தின் மற்றச் சரக்குகளுக்கும் இதே கதைதான். ஹுவாங்சின் வேரிலும் அதிமதுரத்திலும் உள்ள மருந்துப் பொருள்களோடு ஒட்டியிருக்கும் சர்க்கரைப் பகுதியைப் பாக்டீரியாக்கள் வெட்டி எடுத்தபிறகுதான் அவை உடம்பில் நன்றாகச் சேர்கின்றன. அடுப்பில் பாதி, குடலில் மீதி என்று கசாயம் இரண்டு இடத்தில் தயாராகிறது. ஒரே கசாயம் ஒருவருக்குக் கேட்டு இன்னொருவருக்குக் கேட்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மருந்தும் பாக்டீரியாக்களை மாற்றுகிறது. இதே கசாயத்தை 187 நீரிழிவு நோயாளிகளிடம் 12 வாரம் சோதித்த சீன ஆய்வு ஒன்று 2015இல் வெளியானது. அதிக அளவு குடித்தவர்களின் குடலில் நன்மை செய்யும் பாக்டீரியாக்கள் பெருகின, சர்க்கரையும் குறைந்தது.

இவ்வளவும் சொன்ன நான், கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. பெர்பெரின் பச்சைக்குழந்தைகளுக்கு ஆபத்து. மஞ்சள் காமாலையைக் கூட்டி மூளையைப் பாதிக்கக்கூடும். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடுள்ள குழந்தைகளைப் பற்றிய அச்சத்தால்தான் சிங்கப்பூர் 1978இல் பெர்பெரினுக்குத் தடை போட்டது. 2013இல்தான் அந்தத் தடை தளர ஆரம்பித்தது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் தொடவே கூடாது. வேறு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், முக்கியமாக உறுப்பு மாற்றுச் சிகிச்சைக்குப் பிறகு சைக்ளோஸ்போரின் எடுப்பவர்கள், மருத்துவரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது.

அன்று என்னைப் பிழைக்க வைத்தது எது என்று பலமுறை யோசித்திருக்கிறேன். பாட்டியின் கசாயம் பேதியைச் சீக்கிரம் நிறுத்தியிருக்கலாம். ஆனால் பேதி உயிரை எடுப்பது உடம்பின் நீரையும் உப்பையும் வற்ற வைத்துத்தான். அந்த இரண்டையும் அம்மாவின் கஞ்சித்தண்ணீர்தான் திருப்பிக் கொடுத்தது.

ஆகவே வீட்டில் யாருக்குப் பேதி என்றாலும் முதலில் ஓஆர்எஸ் கரைசலைக் கொடுங்கள். பாக்கெட் கிடைக்காவிட்டால், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. இரண்டும் தலைதட்டிய அளவு. குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். துத்தநாக மருந்தை மருத்துவர் சொல்லும் நாள்வரை கொடுங்கள். மலத்தில் ரத்தம், குழி விழுந்த கண், நின்றுபோன சிறுநீர் ஆகியவற்றில் எதைக் கண்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். எந்த நாட்டு வேரும் அதற்குப் பிறகுதான்.