டிரெய்லருடன் டிராக்டரைப் பின்னோக்கிச் செலுத்துதல்

நம் சிற்றூர்களில் டிராக்டர் இன்று புதுமைப் பொருளன்று. உழவோடும் சேறடிப்போடும் அதன் வேலை முடிந்துவிடுவதுமில்லை. ஆண்டில் பல நாட்கள் அது டிரெய்லரைப் பூட்டிக்கொண்டு எருவும், செங்கல்லும், நெல் மூட்டையும், கரும்பும் சுமந்து திரிகின்றது. முன்னோக்கி ஓட்டுவதைச் சில நாட்களில் கற்றுவிடும் இளைஞர், அதே பெட்டியைக் களத்து வாயிலுக்குள் பின்னுக்குத் தள்ள முற்படும்போது திணறுவதை நாம் யாவரும் கண்டிருக்கின்றோம். பார்ப்பவர்களுக்கு அது வேடிக்கையாக இருக்கலாம். ஆயினும் களத்திற்குப் பின்னால் கைப்பிடிச் சுவரில்லாத பாசனக் கிணறு ஒன்று வாய் பிளந்து கிடக்குமானால், அது வேடிக்கையன்று. பின்னோக்கி வந்த டிராக்டர் பெட்டியோடு கிணற்றில் வீழ்ந்து உயிர்கள் மாண்ட செய்தியைத் தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் பன்முறை வெளியிட்டிருக்கின்றன. ஆகவே இப்பயிற்சியைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதுவது பொருத்தமெனக் கருதுகின்றேன்.

முதற்கண், பெட்டி ஏன் எதிர்ப்பக்கம் ஓடுகின்றது என்பதைத் தெளிவாக அறிதல் வேண்டும். மாட்டு வண்டியைக் கையால் தள்ளிக் கொட்டிலில் விட்ட அனுபவம் உடையோர்க்கு இது எளிதில் விளங்கும். வண்டியின் பின்புறம் வலப்பக்கம் போக வேண்டுமானால் நுகத்தடியை இடப்பக்கமாகத் தள்ளுவார்கள். வண்டி தன் அச்சை நடுவாகக் கொண்டு திரும்புகின்றது. ஏற்ற மரத்தின் ஒரு முனை தாழ்ந்தால் மறுமுனை உயர்வதைப் போல, முன்பக்கம் ஒரு திசையில் சென்றால் பின்பக்கம் மறுதிசையில் செல்கின்றது. இரு சக்கர டிரெய்லரும் அத்தகையதே. நுகத்தடியைத் தள்ளும் கைகளுக்குப் பதிலாக இங்கே டிராக்டரின் பின்புறம் தள்ளுகின்றது. ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்பிப் பின்னால் வந்தால் டிராக்டரின் பின்புறம் இடப்பக்கம் நகரும். அதனோடு பூட்டிய பெட்டியின் முனையும் இடப்பக்கம் நகரும். பெட்டியின் பின்புறமோ வலப்பக்கம் போகும். துறைமுகங்களில் ஓடும் நீண்ட கண்டெய்னர் லாரிகளுக்கும் விதி இதுவே. அவை நீளமானவையாதலால் மெதுவாகத் திரும்பும். நம் டிராக்டர்ப் பெட்டி குறுகியது, சடுதியில் திரும்பிவிடும். கற்பவர்க்கு இதனால் சிரமம் அதிகமே.

இரண்டாவது, இழுப்பதற்கும் தள்ளுவதற்கும் உள்ள வேற்றுமை. நூலை இழுத்தால் நேராகின்றது, தள்ளினால் சுருள்கின்றது. முன்னோக்கிச் செல்கையில் பெட்டி தானாகவே நேராகிவிடும். பின்னோக்கி வருகையில் சிறு கோணலும் வரவரப் பெரிதாகுமேயன்றிக் குறையாது. எனவே கோணல் சிறியதாக இருக்கும்போதே திருத்த வேண்டும். அது கைமீறிப் போனால் பெட்டியின் முன்சட்டம் டிராக்டரின் பெரிய டயரில் இடித்து, டயர் கிழிவதோ சட்டம் வளைவதோ நேரிடும். அந்நிலையில் மேலும் ஸ்டியரிங்கைத் திருகிப் பயனில்லை. நிறுத்தி, முன்னோக்கி இருபது அடி சென்று நேராக்கிக்கொண்டு மறுபடி தொடங்குவதே முறை. இவ்வாறு முன்னே செல்வதை இழுக்காக எண்ணும் இளைஞர் பலர் உளர். தேர்ந்த ஓட்டுநர்கள் தயங்காமல் அதைச் செய்கின்றனர்.

கற்பவர்க்கு ஓர் எளிய உபாயம் உண்டு. ஸ்டியரிங்கின் கீழ்ப்பாகத்தை ஒரு கையால் பிடித்துக்கொள்ள வேண்டும். பெட்டியின் பின்புறம் எப்பக்கம் போக வேண்டுமோ அப்பக்கம் கையை நகர்த்தினால் போதும். இடமா வலமா என்று மனத்திற்குள் கணக்குப் போடும் குழப்பம் இதனால் நீங்குகின்றது. பெட்டி திரும்பத் தொடங்கியவுடன் கையை எதிர்ப்பக்கம் கொணர்ந்து, டிராக்டர் பெட்டியைப் பின்தொடருமாறு செய்தல் வேண்டும். பெரும்பாலோர் தவறுவது இவ்விடத்திலேதான். திருப்பத் தெரிகின்றது, திருப்பியதை மீட்கத் தெரிவதில்லை.

வேகம் மிகக் குறைவாக இருத்தல் அவசியம். ரிவர்ஸ் கியரில் மிகத் தாழ்ந்ததைப் போட்டு, நடப்பவர் தாண்டிச் செல்லக்கூடிய அளவிலேயே நகர வேண்டும். உடலைத் திருப்பிப் பின்னால் பார்க்கும்போது கால் கிளச்சையும் பிரேக்கையும் விட்டு விலகிவிடாமல் காத்துக்கொள்க. டிராக்டரில் இடச் சக்கரத்துக்கும் வலச் சக்கரத்துக்கும் தனித்தனிப் பிரேக்கு மிதிகள் உள்ளன. வயலில் வளைவதற்கு அவை உதவுகின்றன. பெட்டி பூட்டியிருக்கும்போது இரண்டையும் இணைக்கும் தாழைக் கட்டாயம் போட்டுவிட வேண்டும். இல்லையேல் அவசரத்தில் ஒரு மிதி மட்டும் அழுந்தி டிராக்டர் ஒருபுறமாகச் சுழன்றுவிடும். பாரமும் கவனிக்கத்தக்கது. பெட்டியின் முன்பக்கம் மிகுதியாக ஏற்றினால் டிராக்டரின் பின்புறம் அழுந்தி முன்சக்கரங்கள் இலேசாகிவிடும். பிறகு ஸ்டியரிங்கு சொன்னபடி கேளாது.

நான்கு சக்கர டிரெய்லரைப் பற்றி ஒரு வார்த்தை. அதன் முன் அச்சு தனியாகத் திரும்புவதால் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு பெட்டிகளைத் தள்ளுவதற்கு அது ஒப்பாகும். மேற்சொன்ன விதி அங்கே தலைகீழாகிவிடும். நன்கு தேர்ந்தவர் தவிர மற்றையோர் அதனைப் பின்னோக்கித் தள்ள முயலாமல், சுற்றிவந்து முன்னோக்கியே வெளியேறும் வகையில் இடத்தை அமைத்துக்கொள்வது நலம்.

பயிற்சிக்கு அறுவடை முடிந்த, கிணறும் வாய்க்காலும் அருகில் இல்லாத கெட்டியான நிலம் வேண்டும். முதலில் வெறும் பெட்டியோடு நூறடி நேராகப் பின்னே வரப் பழகுக. பின்னர் இரண்டு மூங்கில் கழிகளைப் பன்னிரண்டு அடி இடைவெளியில் நட்டு, அதற்குள் நுழையப் பழகுக. இடைவெளியைப் பத்தடியாகவும் பின்னர் எட்டடியாகவும் குறைத்துக்கொண்டு வரலாம். கழி சாய்ந்தால் நட்டமில்லை. சுவர் சாய்ந்தால் வழக்கு வரும். பாரம் ஏற்றிப் பழகுவது இவையெல்லாம் கைவந்த பின்னரே. மத்தியப் பிரதேசத்தில் புத்னியில் 1955-ஆம் ஆண்டு மத்திய அரசு டிராக்டர்ப் பயிற்சி நிலையம் ஒன்றைத் தொடங்கியது. ஓட்டுவதையும் முறையாகக் கற்பிக்க வேண்டும் என்னும் எண்ணம் அக்காலத்திலேயே இருந்தது. ஓட்டுநர் உரிமத் தேர்விலும் குறுகிய வாயிலுக்குள் பின்னோக்கி நுழைந்து காட்டுவது 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் ஓர் அங்கமாக வைக்கப்பட்டுள்ளது. பதினெட்டு வயது நிரம்பாத பையன்களிடம் சாவியைக் கொடுத்துச் சாலைக்கு அனுப்பும் வழக்கம் சட்டத்திற்கு மாறானது என்பதைப் பெற்றோர்க்கு ஊராட்சி உறுப்பினர்கள் எடுத்துரைக்க வேண்டும்.

பின்னால் நின்று வழி சொல்லும் உதவியாளர் பெட்டிக்கு நேர் பின்னே நிற்கலாகாது. ஓட்டுபவரின் கண்ணுக்குத் தெரியும் பக்கத்தில் சற்று விலகி நின்று கையால் சைகை காட்டுக. எஞ்சின் இரைச்சலில் 'வரலாம், வரலாம்' என்னும் கூவல் 'நிறுத்து' என்பதிலிருந்து வேறுபட்டுக் கேட்பதில்லை. உதவியாளர் கண்ணில் மறைந்தால் உடனே வண்டியை நிறுத்த வேண்டும். வைக்கோல் ஏற்றிய பெட்டி பின்புறத்தை முற்றும் மறைத்துவிடுமாதலால் அப்போது உதவியாளரின்றித் தள்ளவே கூடாது. பின்னைப் பூட்டும்போது டிராக்டர் முற்றும் நின்ற பிறகே இடையில் ஆள் நுழைய வேண்டும். சட்டத்தின் மேலும் சக்கரக் காப்பின் மேலும் சிறுவரை அமர்த்துதல் எவ்வாற்றானும் தகாது.

பொதுக் களங்களின் அருகே திறந்த கிணறுகள் இருப்பின், அவற்றைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்புவதற்கு ஊராட்சிக் கூட்டத்தில் தீர்மானம் கொண்டு வரலாம். சுவர் எழும்வரை கிணற்று விளிம்புக்குப் பல அடி முன்பாகவே பனங்கட்டை ஒன்றைக் குறுக்கே கிடத்திப் பள்ளத்தில் புதைத்து வைத்தால், பின்சக்கரம் அதில் முட்டியதும் ஓட்டுபவர்க்குத் தெரிந்துவிடும். அறுவடைக் காலம் தொடங்குமுன்பே இதனைச் செய்து முடிப்பது நன்று.