காப்புப் பிரதியின் உண்மை விலை: சிறு நிறுவனங்களின் தரவுப் பாதுகாப்புப் பற்றிய ஒரு நோக்கு

சிறு நிறுவனமொன்றின் கணக்கேடு இன்று பெரும்பாலும் அலுவலக மூலையொன்றில் இயங்கும் சேவையகக் கணினியின் வன்தட்டிலேயே உறைகின்றது. அச்சகத்தின் வாடிக்கையாளர் விபரம், மருந்தகத்தின் இருப்புப் பட்டியல், சிக்கனக் கடனுதவுக் கூட்டுறவுச் சங்கத்தின் உறுப்பினர் கணக்கு ஆகிய யாவும் இவ்வாறு பேணப்படக் காண்கிறோம். அவ்வன்தட்டுப் பழுதடையுமாயின் இழக்கப்படுவது இயந்திரம் மாத்திரமன்று. மாதந்தோறும் சிறு தொகையைச் சேமித்த உறுப்பினரின் உழைப்புக்குச் சங்கம் வைத்திருந்த சான்றும் அதனுடன் அழிகின்றது. ஆதலின், இணையவழிக் காப்புப் பிரதியைக் குறைந்த செலவில் எவ்வாறு தெரிவுசெய்வது என்னும் வினா தொழினுட்பவியலாளருக்கு மாத்திரம் உரியதன்று. அவ்வினாவையே இங்கு ஆராய முற்படுகின்றோம்.

பிரதிசெய்து பேணும் மரபு நமக்குப் புதியதன்று. ஓலை அழியும் இயல்பினது; காலந்தோறும் பெயர்த்தெழுதப்பட்டமையாலேயே பழைய நூல்கள் நம் காலம்வரை எஞ்சின. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது 97,000 வரையிலான நூல்கள் அழிந்தன. பிறிதோரிடத்தில் பிரதியிருந்த நூல்களை மீண்டும் பெற முடிந்தது. தனிப்பிரதியாக இருந்த சுவடிகள் மீளவேயில்லை. கணினித் துறையில் வழங்கும் விதியும் இவ்வனுபவத்தோடு ஒத்ததே: தரவுக்கு மூன்று பிரதிகள் வேண்டும், அவை இருவகைச் சாதனங்களில் இருத்தல் வேண்டும், அவற்றுள் ஒன்றேனும் வேறிடத்தில் இருத்தல் வேண்டும். இணையவழிக் காப்பு இம்மூன்றாவது தேவையை நிறைவுசெய்வதாகும்.

ஆயினும் தரவை இணையத்தில் ஒப்படைத்த அளவிலேயே அது பாதுகாப்புப் பெற்றுவிடுவதில்லை. 2021 மார்ச் 10 ஆம் திகதி பிரான்சின் ஸ்ராஸ்பூர் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு நிலையமொன்று தீக்கிரையாயிற்று. வேறிடத்தில் பிரதி வைத்திராத வாடிக்கையாளர் பலர் தம் தரவுகளை நிரந்தரமாக இழந்தனர். 2023 ஓகஸ்டில் இலங்கை அரசின் மேகக் கணிமை வலையமைப்புக் கப்பம் கோரும் நச்சுநிரலின் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான காலப்பகுதிக்கு மீட்டெடுக்கத்தக்க பிரதி இல்லாமையால், ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் முகவரிகளுக்குரிய தரவுகள் இழக்கப்பட்டன. அரச வளங்களைக் கொண்ட அமைப்புக்கே இந்நிலை நேருமாயின், சிறு நிறுவனம் மேலும் விழிப்பாயிருத்தல் அவசியம் என்பது சொல்லாமலே பெறப்படும்.

இவ்விடத்தில் ஒரு மயக்கம் தெளிவுபெற வேண்டும். இரு வன்தட்டுகளில் ஒரே வேளையில் எழுதுதலும், கோப்புகளை இணையத்தோடு இடைவிடாது ஒத்திசைத்தலும் காப்புப் பிரதியாகா. மூலத்தில் ஒரு கோப்பு அழிக்கப்பட்டால் அவ்வழிவும் உடனே மறுபக்கம் சென்றடையும். ஆகவே, நேற்றைய நிலை, சென்ற மாத நிலை எனப் பல நிலைகளையும் தனித்தனியே பேணும் சேவையே நமக்கு வேண்டியது. குறித்த காலம்வரை எவராலும் அழிக்கவோ மாற்றவோ இயலாதவாறு பிரதியைப் பூட்டிவைக்கும் வசதியும் இருத்தல் நன்று. சேவையகத்தைக் கைப்பற்றியவர் அதன் கடவுச்சொல்லைக் கொண்டே பிரதியையும் அழிக்க முயல்வார் என்பது இதற்குக் காரணம்.

விலையை நோக்குமுன் இரு வினாக்களுக்கு விடைகாண வேண்டும். எத்தனை மணி நேரப் பதிவுகளை இழந்தாலும் நிறுவனம் தாங்கும்? எத்தனை நாள் கணக்கின்றி அது இயங்க முடியும்? 500 கிகாபைற் தரவை வினாடிக்கு 10 மெகாபிற் வேகமுடைய இணைப்பினூடாக அனுப்புவதற்கு ஏறத்தாழ 111 மணித்தியாலங்கள், அதாவது நான்கரை நாட்களுக்கு மேல், செல்லும். முதற்பிரதிக்குப்பின் மாற்றமடைந்த பகுதிகளை மாத்திரம் அனுப்பினாற் போதுமாகையால் நாளாந்தப் பணி இலகுவாகும். ஆனால் பேரிழப்பின்போது முழுத் தரவையும் மீளப் பெறுதல் வேண்டும். அலுவலகத்திலேயே ஒரு பிரதி இருப்பின் அந்நாட்காத்திருப்பைப் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

மலிவு என்னும் சொல் ஏமாற்றுவதும் இங்கேயாகும். அமேசன் நிறுவனம் 2019 இல் அறிமுகப்படுத்திய ஆழ்காப்பகச் சேவையில் ஒரு ரெராபைற்றை வைத்திருக்க மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு டொலரே கட்டணமாகக் குறிக்கப்பட்டது. ஆனால் வழமையான முறையில் தரவை மீட்க 12 மணித்தியாலங்கள் வரை காத்திருத்தல் வேண்டும். 180 நாட்களுக்குமுன் அழித்தாலும் அக்காலம் முழுமைக்கும் கட்டணமுண்டு. மீட்பதற்கும் வெளியே எடுத்துச் செல்வதற்கும் தனித்தனிக் கட்டணங்கள் உள. பக்பிளேஸ் நிறுவனம் 2023 ஒக்டோபரில் ரெராபைற்றுக்கு மாதம் 6 டொலர் என விலையை உயர்த்தியபோது, சேமித்துள்ள அளவின் மும்மடங்கு வரை கட்டணமின்றி வெளியே எடுக்க இடமளித்தது. மாதக் கட்டணத்தை மாத்திரம் ஒப்பிடுவோர் இவ்வேறுபாட்டைக் காணத் தவறுவர்.

நாணயத்தின் பெறுமதியும் இவ்விலையின் ஓர் அங்கமே. 2022 இன் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாயிருந்த டொலர், அவ்வாண்டு மே மாதமளவில் 360 ரூபாவை அண்மித்தது. மாதம் 10 டொலர் கட்டணம், சேவையில் எவ்வித மாற்றமுமின்றி, 2,000 ரூபாவிலிருந்து 3,600 ரூபாவாயிற்று. கட்டணம் தவறினால் பிரதியும் காலப்போக்கில் நீக்கப்படும். தம் நினைவு முழுவதையும் அந்நியச் செலாவணியில் வாடகைக்கு வைத்திருப்போர் அச்செலாவணியின் நெருக்கடிக்கும் ஆளாவர். ஆகையால் வெளிநாட்டுச் சேவையைத் தவிர்க்குமாறு நாம் கூறவில்லை. அதனை மாத்திரம் நம்பியிருத்தலாகாது என்றே கூறுகின்றோம். றெஸ்ரிக், போர்க் போன்ற கட்டற்ற மென்பொருள்களின் துணையுடன், வெவ்வேறு ஊர்களிலுள்ள இரு சங்கங்கள் தத்தம் பிரதியை மற்றையதன் சேவையகத்தில் வைத்துக்கொள்ளலாம். கூட்டுறவின் அடிப்படைக்கு இதுவும் உகந்ததொன்றே.

அவ்வாறு பிறரிடம் வைக்கும் தரவு, சேவையகத்தை விட்டு நீங்குமுன்னரே மறைகுறியாக்கப்படல் வேண்டும். அதன் திறவுச்சொல் தொலையுமாயின் பிரதியும் தொலைந்ததற்கு ஒப்பாகும். ஆதலால் அதனைத் தாளில் எழுதி, இரு பொறுப்பாளர்களிடம் வெவ்வேறு இடங்களில் ஒப்படைத்தல் தக்கது. இயங்கிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தின் கோப்புகளை வெறுமனே பிரதிசெய்தல் முறையன்று. அத்தளத்துக்குரிய ஏற்றுமதிக் கருவியினால் முரணற்ற பிரதியொன்றைப் பெற்று, அதனையே அனுப்புதல் வேண்டும். யாவற்றுக்கும் மேலாக, மூன்று மாதங்களுக்கொருமுறையேனும் வேறொரு கணினியில் தரவை மீட்டு, ஓர் உறுப்பினரின் கணக்கைத் திறந்து, மீதியைச் சரிபார்த்தல் வேண்டும். மீட்டுப் பார்க்கப்படாத பிரதியை ஒரு நம்பிக்கை என்று கூறலாமேயன்றிப் பாதுகாப்பு என்று கூற முடியாது.

எனவே, ஒரு சேவையின் விலையை அதனிடம் தரவைக் கொடுக்கும் நாளில் மதிப்பிடாது, திரும்பப் பெறும் நாளை முன்வைத்தே மதிப்பிடுதல் பொருந்தும். அந்நாளில் எவ்வளவு தரவு மீளும், எத்தனை நாளில் மீளும், எச்செலவில் மீளும் என்னும் மூன்றுக்கும் விடை தரக்கூடிய சேவையே சிறு நிறுவனத்துக்கு மலிவானது. தம் சேமிப்பின் மீதியைக் கேட்டு வரும் உறுப்பினருக்குச் சங்கம் அன்று பதில்சொல்லக் கூடியதாக இருத்தல் வேண்டும்.